சாருக்கு நீங்க என்ன ஆகணும்?

ஊத்தங்கரை
14 ஜூலை 2025

கமலக்கண்ணன் அவர்களுக்கு,

"மேடம், சாருக்கு நீங்க என்ன ஆகணும்?"

நேற்று உங்கள் வீட்டு ஓனரம்மா சாந்தம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்டைத் திறந்துவிட்டபடியே சிரித்த முகத்தோடு கேட்டார். வேலையில் இருந்தவரை கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவள் நான். எந்தக் கேள்வியில் வம்பு இருக்கிறது, எதில் இல்லை என்று எனக்குத் தெரியும். இதில் இல்லை. மாடியில் குடிவரப் போகிறவள் யார் என்று வீட்டுச் சொந்தக்காரர் கேட்பது நியாயம்தான். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"அக்காங்க. எங்க பெரியம்மா மக."

உங்கள் பெரியம்மா சாத்தூரை விட்டு வெளியே வந்ததில்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். நானோ சிங்காரப்பேட்டைப் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்று, ஊத்தங்கரையில் சொந்த வீட்டில் இருப்பவள். அந்த அம்மாள் என்னை எப்போது பெற்றார் என்று தெரியவில்லை. உங்களைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் 'தங்கை' என்று சொல்லக் கூசியதோ என்னவோ. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் உண்மைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறீர்கள்.

சித்திரை மாதம் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் வைத்து நீங்கள்தான் கேட்டீர்கள். "இனிமே நீங்க அங்கயும் நா இங்கயும் எதுக்கு டீச்சர்? கல்யாணத்தப் பதிவு பண்ணிக்கிடுவோம்." வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஆடி பிறப்பதற்குள் பார்த்துவிடலாம் என்றுதான் ஓசூர் வந்தேன். வீட்டைக் குறை சொல்ல முடியாது. சமையலறையில் வெளிச்சம் இருக்கிறது. என் புத்தக அலமாரிக்குச் சுவர்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் கீழே இறங்கி வந்தோம், அந்தக் கேள்வி வந்தது.

கணக்கில் முதல் வரியிலேயே கூட்டல் குறியைக் கழித்தல் என்று எழுதிவிட்டால், அதற்குக் கீழே எத்தனை அழகாகச் செய்தாலும் விடை வராது. பிள்ளைகளிடம் 'அடித்துவிட்டு மேலிருந்து எழுது' என்பேன். நீங்கள் இதை எப்படி அடித்து எழுதப் போகிறீர்கள்? இன்றைக்கு அக்கா, ஆவணியில் மனைவி என்றா?

உங்கள் எண்ணைப் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். போனில் நீங்கள் 'சரிங்க டீச்சர்' என்பதைத் தவிர ஒன்றும் சொல்வதில்லை. எழுதுங்கள். அதை மட்டும் எழுதி ஸ்டாம்ப் ஒட்ட உங்களுக்கே மனசு வராது.

பவளம்


ஓசூர்
26 ஜூலை 2025

அன்புள்ள டீச்சருக்கு,

நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. எனக்குக் கோர்வையாக எழுத வராது, மன்னிக்க வேண்டும்.

ஓசூரில் வீடு தேடினால் முதல் கேள்வியே 'ஃபேமிலியா, பேச்சலரா' என்பதுதான். என் மனைவி இறந்த பிறகு நானும் பேச்சலர் ஆகிவிட்டேன். தலை நரைத்துப் போய், பிள்ளைகுட்டி இல்லாமல் ஒரு பேச்சலர். சிப்காட்டைச் சுற்றி அலைந்து, எல்லாரும் கையை விரித்த பிறகு சாந்தம்மாதான் "இவர் முகத்தைப் பார்த்தா தப்பான ஆளாத் தெரியலை" என்று மாடியைக் கொடுத்தார். அன்று கேட்டில் நீங்கள் நின்றபோது, உண்மையைச் சொன்னால் அந்த முகம் மாறிவிடுமோ என்று ஒரு பயம். வாயில் முதலில் வந்த சொந்தம் அதுதான். வந்தது, விழுந்துவிட்டது.

எங்கள் யூனிட்டில் நான் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறேன். ஒரு உருப்படி அளவு தப்பினால் அங்கேயே சிவப்புப் பெயிண்ட் அடித்து ஒதுக்கிவிட வேண்டும். அடுத்த மெஷினுக்குப் போகவிடக் கூடாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தே விட்டுவிட்டேன். இப்போது அது ரெண்டு மெஷின் தாண்டிவிட்டது டீச்சர். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சாந்தம்மா எனக்குப் பெண் பார்த்திருக்கிறார்.

பேரிகையில் அவருக்கு ஒன்றுவிட்ட தங்கை சென்னம்மா. சென்னம்மாவின் மகள் ரூபா. தையல் ஆலையில் சூப்பர்வைசர். புருஷனை விட்டு வந்து பல வருடம் ஆகிறதாம். "அக்கா மாதிரி ஒரு பெரியவங்க இருக்கறப்போ நீங்க ஏன் ஒத்தையா கெடக்கணும்?" என்று ஆரம்பித்தார். உங்களைப் பார்த்த பிறகுதான் அவருக்கு அந்த யோசனையே வந்திருக்கிறது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "எல்லாம் எங்க அக்கா முடிவுங்க, அவுங்க பாத்துச் சொல்லட்டும்" என்று சொல்லித் தப்பித்தேன். தள்ளிப்போகும் என்று நினைத்தேன். ஆடி மாசம் என்றும் சொல்லிப் பார்த்தேன். சாந்தம்மா வீட்டில் கன்னடம்தானே. "உங்களுக்குத்தான் ஆடி. எங்களுக்கு ஆஷாட அமாவாசையோட முடிஞ்சுது. பதினெட்டாம் பெருக்கு உங்களுக்கும் நல்ல நாள்தானே, அக்காவை வரச் சொல்லுங்க" என்கிறார்.

நான் என்ன செய்யட்டும்?

கமலக்கண்ணன்


ஊத்தங்கரை
29 ஜூலை 2025

கமலக்கண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்கிறீர்கள். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். போன வாரம் என் தம்பி அண்ணாதுரையிடம் சொல்லிவிட்டேன். பஸ் நிலையத்துக்கு எதிரே அவன் உரக்கடை. ஆள் நடமாட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். ஓசூரில் கமலக்கண்ணன் என்று ஒருவர், மனைவி இல்லாதவர், அறுபது வயது, அவரைக் கட்டிக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். யூரியா மூட்டைக்குப் பின்னால் இருந்தபடி என்னைப் பார்த்தான்.

"ஏன்க்கா, இந்த வயசுல இது தேவையா? ஊர்ல என்ன பேசுவாங்க?"

"இருபத்தஞ்சு வயசுல பண்ணிக்கலைன்னு பேசுனாங்க. இப்பப் பண்ணிக்கறேன்னு பேசட்டும். பேச்சு மாறும்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அவன் என்னிடம் பேசவில்லை. வருத்தம்தான். ஆனால் நான் இன்னும் முடிவே செய்யாத ஒன்றை உரக்கடையில் நின்று சொல்ல முடிந்தது. முடிவு செய்து, கேட்டும்விட்ட உங்களால் ஒரு கேட்டில் நின்று சொல்ல முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். என்னையும் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். கடைசியாக வந்தவர்களில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர், படித்த பெண்தானே, ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றார். போட்டேன். இடதுகைக்காரி என்று பார்த்ததும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். இனி என் வீட்டுக்கு யாரும் பார்க்க வரக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னேன். அதன் பிறகு அதே இடது கையால்தான் கரும்பலகையில் எழுதி ஓய்வு பெற்றேன்.

இப்போது நான் பெண் பார்க்க வர வேண்டுமாம். வருகிறேன். பதினெட்டாம் பெருக்கன்று காலையில் ஓசூரில் இருப்பேன். அக்கா வருகிறார் என்று சாந்தம்மாவிடம் சொல்லிவிடுங்கள். முதலில் வீட்டுப் பெண்கள் போய்ப் பார்ப்பதுதானே வழக்கம், நீங்கள் வர வேண்டியதில்லை. எனக்கு நீங்கள் வைத்த பெயரைப் போட்டுக்கொண்டு போனால் அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று நான் பார்த்தாக வேண்டும்.

பவளம்


ஓசூர்
31 ஜூலை 2025

அன்புள்ள டீச்சருக்கு,

தயவுசெய்து வராதீர்கள். நானே சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை சொல்வதற்காகவே கீழே போனேன். சாந்தம்மா ஒப்பட்டு, அதாவது நம்ம போளி, தட்டிக்கொண்டிருந்தார். "வாங்க சார், அக்காவுக்கு இனிப்புப் புடிக்குமா?" என்று கேட்டு ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

சாப்பிடவில்லை. அப்படியே இருக்கிறது.

கமலக்கண்ணன்


ஊத்தங்கரை
4 ஆகஸ்டு 2025

கமலக்கண்ணன் அவர்களுக்கு,

போய் வந்துவிட்டேன். நேற்று நீங்கள் ஷிப்டுக்குப் போய்விட்டதாகச் சாந்தம்மா சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்ன ஷிப்ட் என்று நான் கேட்கவில்லை.

பேரிகை பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கொடுத்துவிட்டு, பாகலூர் வரை உங்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மிக்சி கெட்டுப்போனால் கேட்காமலே எடுத்துப்போய்ச் சரிசெய்து வைப்பீர்களாம். அவருக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தீர்களாம். "தம்பின்னா இப்படி இருக்கணும் மேடம், நீங்க குடுத்து வெச்சவங்க" என்றார். எனக்கு அந்த ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாம் போல இருந்தது.

சென்னம்மாவின் வீடு சந்தைக்குப் பின்னால். வாசலிலும் கொல்லையிலும் ஆள் உயரத்துக்குத் தக்காளிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ரூபா புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். நின்றவள் என் கையைத்தான் பார்த்தாள். என்ன மாதிரி ஆள் இவள் என்று கையை வைத்துக் கணக்குப் போடுவது போல. நானும் ஒரு காலத்தில் வந்தவர்களின் கையைத்தான் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்க்க விடமாட்டார்கள் அல்லவா.

"நான் அக்காவோட கொஞ்சம் தனியாப் பேசணும்" என்று அவளே சொன்னாள். கொல்லைப்பக்கம் போனோம். பெட்டிகளுக்கு நடுவே நின்றபடி கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவருக்குக் கோவம் வந்தா என்ன பண்ணுவாரு?"

அவளுக்கு வேறு கேள்வி இல்லை. சம்பளம் என்ன, வீடு எங்கே என்று எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியில் அவள் விட்டுவிட்டு வந்த வீடு முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படிப்பட்டவளிடம் பொய் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது.

"கோவம் வந்தாப் பேச மாட்டாரு. போய்ப் பாத்திரம் கழுவுவாரு. கழுவி வெச்சதையே திருப்பிக் கழுவுவாரு."

"கை ஓங்குவாரா?"

"கையா? குரலே ஓங்காது. பயம்தான் நெறைய."

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் கிருஷ்ணகிரியில் கண் சிகிச்சை முகாம் நடந்ததே, உங்களுக்கு வலக்கண்ணிலும் எனக்கு இடக்கண்ணிலும் கட்டுப் போட்டு ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார்களே, அதைச் சொன்னேன். கையெழுத்து வாங்க ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். என் இடது கைக்கு அது வாட்டமாக இல்லை. நான் தடுமாறியதைப் பார்த்து, நீங்கள் ஒன்றுமே சொல்லாமல் அட்டையை மறுபக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டீர்கள். கட்டு இல்லாத ஒரு கண்ணால் பார்த்துத்தான் அதைச் செய்தீர்கள். என்னுடைய அந்த இடது கைதான் ஒரு காலத்தில் என் வீட்டிலிருந்து மனிதர்களை எழுப்பி அனுப்பியது. அதற்காக ஒருவர் அட்டையைத் திருப்பிப் பிடிக்கிறார். ரூபாவிடம் இதைச் சொல்லும்போது என் குரல் சரியாக இல்லை.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "நீங்க அக்கா இல்ல" என்றாள்.

"இல்லம்மா."

"அப்ப யாரு?"

"அதத்தான் முடிவு பண்ணிட்டிருக்கேன்."

"இன்னும் என்னத்த முடிவு பண்றீங்க? நான் கேட்டது ஒண்ணு, நீங்க சொன்னது எத்தனை?" என்று சிரித்துவிட்டாள்.

நான் சிரிக்கவில்லை. நீங்கள் சொன்ன பொய்க்கு உங்களைக் குத்திக்காட்ட வேண்டும் என்று நான் வந்ததில், ஒரு சம்பந்தமும் இல்லாத அவள் புடவை கட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டியதாகிவிட்டது. அதை அவளிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அம்மாவுக்காக நின்னேன். எனக்கும் வேணாங்க. லைன்ல நாப்பது பேரை மேய்க்கறேன். வீட்லயும் ஒருத்தரை மேய்க்கத் தெம்பு இல்ல" என்றாள். உள்ளே போய், பிடிக்கவில்லை என்று தாயிடம் சொல்லிவிட்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

திரும்பும்போது சாந்தம்மாவின் முகம் வாடிவிட்டது. "போனாப் போகுது மேடம், வேற எடம் பாக்கலாம்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். உண்மையை நான் அவரிடம் சொல்லவில்லை. உங்கள் பரீட்சையை நான் எழுத மாட்டேன்.

எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. அது என்ன என்பதை, நீங்கள் சாந்தம்மாவிடம் பேசிய பிறகு எழுதுகிறேன். அதுவரை என் அலமாரி இருக்கிற இடத்திலேயே இருக்கும்.

பவளம்

பின்குறிப்பு: அந்த ஒப்பட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். எறும்பு வரும்.


ஓசூர்
9 ஆகஸ்டு 2025

அன்புள்ள டீச்சருக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்று சாந்தம்மா வீட்டில் வரமகாலட்சுமி பூஜை. வாழைக்கன்று கட்டவும் பூ வாங்கவும் என்னைத்தான் கூப்பிட்டார். மஞ்சள் குங்குமம் வாங்கத் தெருப் பெண்கள் எல்லாம் வந்திருந்தார்கள். நான் கேட்டருகில் வாழைக்கன்றைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதே இடம்தான். எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்த்து, "உங்க அக்கா வரலையா சார்?" என்று கேட்டார்.

கயிறு என் கையில் இருந்தது. முடிச்சைப் போட்டு முடித்தேன். பிறகு திரும்பி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"அவுங்க எனக்கு அக்கா இல்லங்க. நா கட்டிக்கிடப் போறவுங்க. அவுங்க சம்மதிச்சா."

உள்ளேயிருந்து சாந்தம்மா குங்குமத் தட்டோடு வந்தார். நான் கேட்டை விட்டு நகரவில்லை.

"அப்போ பேரிகைல எங்க ரூபாவைக் கூட்டி நிக்க வெச்சது எதுக்கு?"

"தப்பு என்னுதுங்க. பயந்துக்கிட்டுப் பொய் சொன்னேன். டீச்சர் மேல தப்பு இல்ல."

"உங்களுக்கு பாயி இல்வா? கேட்டப்போ சொல்ல வாயில்லையா? அன்னைக்கே சொல்லியிருந்தா நானே மேளம் வெச்சுக் கூட்டி வந்திருப்பேனே." இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது டீச்சர். நான் பயந்த முகம் கடைசியில் இதுதான். பிறகு துடைத்துக்கொண்டு, "இந்த மாசம் முடிஞ்சதும் வீட்டைக் காலி பண்ணிடுங்க. ரூபா எங்க வீட்டுப் பொண்ணு. பொய் சொன்னவர மேல வெச்சுக்கிட்டு நான் அவ முகத்தைப் பாக்க முடியாது" என்றார்.

சரிங்க என்றேன். இந்தச் 'சரிங்க' நியாயமானது என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் மாடி ஏறி வந்தார். கையில் ஒரு தாம்பூலப் பை. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு ரவிக்கைத் துணி. "இது மேடத்துக்கு. உங்களுக்கு இல்லை" என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வீடு போய்விட்டது. உங்கள் அலமாரிக்குப் பார்த்து வைத்த சுவரும் போய்விட்டது. திரும்பவும் 'ஃபேமிலியா, பேச்சலரா' என்று கேட்பார்கள். உங்கள் பதிலைக் கேட்க எனக்கு இப்போது யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

கமலக்கண்ணன்


ஊத்தங்கரை
11 ஆகஸ்டு 2025

அன்புள்ள கமலக்கண்ணன்,

சம்மதம்.

இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். நீங்கள் கடைசி வரை தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

சுவருக்காக வருத்தப்படாதீர்கள். எனக்கு இங்கே ஒரு வீடும் நான்கு சுவர்களும் இருக்கின்றன. அலமாரி அதன் இடத்திலேயே இருக்கட்டும், நீங்கள்தான் நகர்ந்து வர வேண்டும். ஊத்தங்கரையிலிருந்து உங்கள் யூனிட்டுக்குத் தினமும் போய்வர முடியாது என்பது எனக்குத் தெரியும். அதை உட்கார்ந்து யோசிப்போம். வேலையை விடுவதா, வாரத்தில் பாதி நாள் அங்கே ஓர் அறையில் தங்குவதா என்று சேர்ந்து முடிவு செய்யலாம். இரண்டு பேர் உட்கார்ந்து யோசிக்கக் கூடியதாக ஒரு பிரச்சினை எனக்கு வாழ்க்கையில் இதற்கு முன்னால் வந்ததில்லை. அதனால் இது எனக்குப் பிடித்திருக்கிறது.

சாந்தம்மா சொன்னது சரி. நான் அவராக இருந்தாலும் காலி பண்ணத்தான் சொல்லியிருப்பேன். அந்தத் தாம்பூலத்தை அனுப்பியிருப்பேனா என்று தெரியவில்லை. அந்த ரவிக்கைத் துணியைத் தைத்துப் போட்டுக்கொண்டு ஒரு நாள் அவர் வீட்டுக்கு நான் தனியாகப் போவேன். நீங்கள் கேட்டுக்கு வெளியே நில்லுங்கள்.

ரூபாவோடு போனில் பேசினேன். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட வருவாளா என்று கேட்டேன். லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றாள். இன்னொரு சாட்சிக்கு அண்ணாதுரையைக் கேட்கப் போகிறேன். மாட்டேன் என்பான். மறுபடியும் கேட்பேன். அவன் கடையில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும், அது எனக்கு வசதி.

பதினைந்தாம் தேதி உங்களுக்கு விடுமுறை. அன்றைக்கே வாருங்கள். ஆடி இன்னும் முடியவில்லையே என்று நாள் பார்க்க வேண்டாம். ஆடியில் சேரக் கூடாது என்பது புதுமணத் தம்பதிகளுக்கு. நாம் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது, சொல்லத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. இருட்டிய பிறகு வராதீர்கள், பின்தெரு வழியாகவும் வராதீர்கள். பகலில், உரக்கடை இருக்கிற பெரிய தெரு வழியாக, கையில் அந்தத் தாம்பூலப் பையோடு நடந்து வாருங்கள். அண்ணாதுரை பார்த்தால் நின்று வணக்கம் சொல்லுங்கள். அவன் பதில் வணக்கம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் எண்ணை இன்னும் திறக்கவில்லை. போனில் 'சரிங்க டீச்சர்' என்று சொல்லிவிடுவீர்கள். எனக்குச் 'சரிங்க' மட்டும் போதாது. டீச்சர் என்பதும் இனி வேண்டாம், எனக்குப் பெயர் இருக்கிறது.

ஓசூரிலிருந்து கிளம்பினால் பக்கத்து சீட்டில் யாராவது உட்காருவார்கள். கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் "எங்க போறீங்க?" என்று கட்டாயம் கேட்பார்கள். அப்போது ஊர்ப் பெயரைச் சொல்லாதீர்கள். யாரைப் பார்க்கப் போகிறீர்கள், அவர் உங்களுக்கு என்ன ஆகணும் என்று சொல்லிப் பாருங்கள்.

பவளம்